நாளைய விமானத்தின் சத்தம்

ஷாரோஷ் ஊரில் விமானங்களின் சத்தம் விமானங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேரத் தொடங்கியது, முட்டைக்கோஸ் கிலோ எழுபது ஃபோரின்ட்டுக்கு விற்ற வருஷத்தின் அக்டோபரில். முதல் நாள் வித்தியாசம் நான்கே நிமிடம்தான். காலை எட்டு நாற்பதுக்கு ரோமுக்குக் கிளம்பும் விமானத்தின் இரைச்சல் எட்டு முப்பத்தாறுக்கே கூரைகளின் மேல் உருண்டு போனது. வானத்தில் ஒன்றும் இல்லை. நான்கு நிமிடம் கழித்து விமானம் வந்தது, கண்ணாடித் தொட்டிக்குள் மீன் போவதைப் போல, சின்னச் சத்தம்கூட இல்லாமல். காற்றின் வேலை என்றார்கள். மறுநாள் பத்தொன்பது நிமிடம். அந்த வாரக் கடைசியில் மூன்று மணி நேரம். கல்லறைகளுக்குச் செவ்வந்திப் பூ கொண்டுபோகும் நவம்பர் முதல் தேதி வந்தபோது இடைவெளி சரியாக இருபத்துநான்கு மணி நேரத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஊர் ஓடுபாதையின் கிழக்கு முனையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. சமவெளியில் மறைப்பதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. வீட்டுக்கு வீடு கொல்லையில் முட்டைக்கோஸ் புளிக்கவைக்கும் பீப்பாய்கள். ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் அந்தப் பீப்பாய்களின் மேல் வைத்த கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கடகடக்கும். அங்கே பிறந்தவர்களை வெளியூரில் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம்: பேசிக்கொண்டே இருக்கையில் சட்டென்று நிறுத்துவார்கள், முப்பது நாற்பது விநாடி சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். கல்யாணத்தில் பாதிரியார் அப்படித்தான் நிறுத்துவார். சண்டையிலும் அப்படித்தான். நிறுத்தின இடைவெளியில் கோபம் ஆறிப்போய் முடிந்த சண்டைகள் பல.

நகராட்சி அலுவலகத்தில் இரைச்சல் புகார்களை வாங்கி எழுதும் வேலை வில்மாவுடையது. இருபத்தாறு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு இப்போது ஐம்பத்துநான்கு. கணவன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. புகார் சொன்னவர் பெயர், தெரு, மணி, நிமிடம், சத்தம் எப்படி இருந்தது என்று கோடு போட்ட தடித்த நோட்டுகளில் எழுதுவாள். நாற்பத்தொரு நோட்டு நிரம்பியிருந்தது. யாரும் புகார் சொல்ல வராத விமானத்துக்கும் அவளே எழுதிவிடுவாள், அதை மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை என்று. ஊர் விமான நிலையத்திடம் கேட்டது மூன்று காரியம்: இருட்டிய பிறகு விமானம் விடக்கூடாது, கிளம்பும் பாதையைத் திருப்பிச் சூரியகாந்தி வயல்களின் மேல் கொண்டுபோக வேண்டும், எல்லா வீட்டுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுத்தர வேண்டும். முதலாவதற்குப் பாதி சம்மதித்தார்கள். இரண்டாவதற்கு, அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் மனு போட்டிருக்கிறார்கள் என்றார்கள். மூன்றாவதற்கு, முதலில் அளந்து பார்க்கிறோம் என்று சொல்லி, செப்டம்பரில் பாலர் பள்ளியின் கூரையில் ஒரு கம்பம் நட்டு உச்சியில் மைக் பொருத்தினார்கள். சத்தம் முந்திக்கொண்டது அதற்கு அடுத்த மாதம்தான். அந்தக் கம்பம்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கம்பத்தைப் பார்த்துச் சத்தம் பயந்து ஓடியிருக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

ஜனவரியில் விமான நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று மாத அளவீட்டின்படி, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பதினான்கு ஊர்களில் மிக அமைதியானது ஷாரோஷ், விமான இரைச்சல் அநேகமாகப் பூஜ்யம், ஆகவே ஜன்னல் திட்டத்திலிருந்து ஊரின் பெயர் நீக்கப்படுகிறது, வாழ்த்துக்கள். வில்மா அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது மறுநாளைய இஸ்தான்புல் விமானம் தலைக்கு மேல் இடித்துக்கொண்டு போனது. மேஜையில் தேநீர்க் கோப்பை நகர்ந்து விளிம்புக்கு வந்தது. தொலைபேசியை எடுத்து, கையெழுத்துப் போட்டவர் யாரோ அவரை நேரில் வரச் சொன்னாள்.

வந்தவன் கோர்னேல் என்கிற இரைச்சல் அளவீட்டு அதிகாரி. முப்பத்துமூன்று வயது, ஒல்லி, கழுத்தில் எப்போதும் பெரிய ஹெட்ஃபோன். ஏணி வைத்துக் கூரையில் ஏறி மைக்கைத் தட்டிப் பார்த்தான், இறங்கினான், கையைத் துடைத்துக்கொண்டான்.

“மைக் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா உங்க ஊர்ச் சத்தம் எதுவும் விமானத்தோட ஒட்ட மாட்டேங்குது. சத்தம் வர்றப்போ ரேடார்ல ஒண்ணுமில்ல. விமானம் போறப்போ சத்தமில்ல. மெஷின் என்ன பண்ணும்? டிராக்டர்னு எழுதிடுது.”

“தினம் அறுபது டிராக்டர் கூரை மேல போகுதா தம்பி?”

“மெஷின் கணக்குப்படி போகுது.”

“உங்க காதுக்கு எப்படிப் படுது?”

அவன் பதில் சொல்வதற்குள் ஒன்று கிளம்பியது. இருவரும் அந்த ஊர் வழக்கப்படி நிறுத்தினார்கள். கோர்னேல் அண்ணாந்து பார்த்தான். மேகமில்லாத குளிர்கால வானம், ஒரு காக்கைகூட இல்லை. சத்தம் அவன் நெஞ்செலும்பில் இறங்கி, பள்ளிக்கூட ஜன்னல்களை ஆட்டிவிட்டு, தென்கிழக்கே போய்த் தேய்ந்தது.

“நேத்தைய சத்தத்தை இன்னைக்குப் போன விமானத்தோட ஒட்டிப் பாருங்க,” என்றாள் வில்மா. “நோட்டு தர்றேன்.”

நோட்டைக் கொண்டுபோனவன் இரண்டு நாளில் திரும்பி வந்தான். அறுபத்தொரு சத்தம், அறுபத்தொரு விமானம், ஒன்றுகூடத் தப்பவில்லை. வில்மா ஊற்றிக் கொடுத்த பிளம் சாராயத்தை ஒரே மடக்காகக் குடித்தான். இதை எழுதி மேலே அனுப்பினால் தன்னை முதலில் காது டாக்டரிடமும் பிறகு வேறு டாக்டரிடமும் அனுப்புவார்கள் என்றான். எழுதாவிட்டால் ஊருக்கு ஜன்னல் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை வந்து நோட்டைப் பார்ப்பான், தலையாட்டுவான், போய்விடுவான். ‘அம்மா’ என்று கூப்பிட்டவன் பிப்ரவரிக்குள் ‘அத்தை’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். அறிக்கையை மட்டும் எழுதவில்லை.

ஊர் அதற்குள் பழகிக்கொண்டது. சத்தம் குறைவாக இருந்த நாளில், நாளைக்கு மூடுபனி என்று தெரிந்துகொண்டு துணி துவைப்பதைத் தள்ளிவைத்தார்கள். வியன்னாவில் மகளைப் பார்க்கப் போகவிருந்த ஒருவர், தன் விமானத்தின் சத்தம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கேட்டதால், மறுநாள் இரண்டு மணி நேரம் தாமதமாகவே வீட்டை விட்டுக் கிளம்பினார். சத்தமில்லாத விமானங்களின் நிழல் முற்றத்தில் ஓடும்போது முதலில் அலறிய கோழிகள் பிறகு நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இப்படியே போயிருந்தால் இது ஒரு கதையாகவே ஆகியிருக்காது. ஆனால் பக்கத்து வீட்டு எடெல், பீப்பாய் கழுவிக்கொண்டே ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்:

“நாளைக்கு வர்றது இன்னைக்கே கேக்குதுன்னா, வரக்கூடாதது ஒண்ணு நாளைக்கு வர இருந்தா, அதுவும் இன்னைக்கே கேக்கும்ல வில்மா?”

“வாயை வச்சிட்டு சும்மா இரு.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். எனக்குத் தோணினது உனக்கும் தோணட்டுமேன்னு சொன்னேன்.”

அது வில்மாவுக்குத் தோன்றிவிட்டது. எடெல் அதைத் தன் மனசோடு வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தோன்றிவிட்டது. முப்பது வருஷமாகக் காதைப் பொத்திக்கொண்டவர்கள் இப்போது காதைத் தீட்டிக்கொண்டார்கள். இரைச்சல் எழுந்ததும் கடைகளில் தராசு நிற்கும், கோஸ் நறுக்கும் கத்தி நிற்கும், நாக்கு நிற்கும்; ஒவ்வொருவரும் எஞ்சினின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அது முழுசாகத் தேய்ந்து மறையும்வரை பின்தொடர்ந்து போய்விட்டு வந்து மூச்சு விட்டார்கள். வில்மாவுக்கு ஒரு நாளைக்கு அறுபது தடவை நெஞ்சு படபடத்தது. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், தனக்கும் அதையே எழுதிக்கொண்டதாகச் சொன்னார்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு அது வந்தது. தொடக்கம் வழக்கம்போலத்தான்: மேற்கே ஒரு முனகல், பிறகு கனத்த இழுப்பு. ரயில்வே கேட்டுக்கு மேலே வரும்போது அந்த இழுப்பு இரும்பு இருமுவதைப் போல இரண்டு தடவை இருமியது. அடுத்து ஒரு வெடிப்பு. பிறகு தகரத்தை நீளமாகக் கிழிப்பது போன்ற ஓசை, அது தாழ்ந்துகொண்டே, நெருங்கிக்கொண்டே வந்தது. பாலர் பள்ளியின் கூரைக்கு மேலே வந்ததும் நின்றது. தேயவில்லை, தொலைவுக்குப் போகவில்லை. கத்தரித்தது போல நின்றது. அதே பதினொன்று பத்துக்கு அன்றைய விமானம் ஒன்று வெயிலில் மின்னியபடி சத்தமில்லாமல் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது, தன்னைப் பற்றி எதுவும் தெரியாதது போல.

வில்மா மணியை எழுதினாள். ‘சத்தம் எப்படி இருந்தது’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தாள், எடுத்தாள், வெறுமனே விட்டாள். பிறகு அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தாள். பதினொன்று இருபத்தைந்துக்கு பிராக் விமானத்தின் சத்தம் வரவேண்டும். வரவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு ஒன்று, பன்னிரண்டு ஐந்துக்கு இரண்டு. எதுவும் வரவில்லை. ஊரில் ஒரு சேவல் கூவியது மூன்று தெரு தாண்டிக் கேட்டது. யாரோ வாளியை வைத்தது கேட்டது. ஆலயத்தின் கடிகார முள் நகர்வது கேட்டது என்று பிறகு சத்தியம் செய்தவர்கள் உண்டு. மனிதர்கள் ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்து நின்றார்கள். நாளைக்குப் பதினொன்று பத்துக்குப் பிறகு இந்த ஓடுபாதையிலிருந்து ஒரு விமானமும் கிளம்பப்போவதில்லை. ஏன் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“முப்பது வருஷமா இதுக்குத்தான மனு போட்டோம்,” என்றாள் எடெல். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், ஆனாலும் தெருக்கோடிவரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

ஒரு சத்தத்தை நம்பி ஊரைக் காலிசெய்ய உத்தரவு போட முடியாது, அப்படி ஒரு படிவமே இல்லை என்றார் நகராட்சித் தலைவர். ஆனால் மறுநாள் தனக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கூட்டம் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பாலர் பள்ளித் தலைமை ஆசிரியை பிரோஷ்கா, அறுபத்திரண்டு குழந்தைகளையும் நாளைக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில் ஆட்டுக்குட்டி பார்க்கக் கூட்டிப்போவதாக அறிவித்தாள். அப்பா அம்மாக்களும் வரலாம், தாத்தாக்களும் வரலாம் என்றாள். டாக்டர் மருந்து வாங்கப் போகிறார். பாதிரியாருக்குப் பல் வலி. யாரும் பயப்படுவதாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை வெளியூரில் வேலை இருந்தது.

வில்மா நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். விமான நிலையத்துக்குள் அவள் போனது அதுவே முதல் தடவை. அங்கே விமானங்கள் உறுமிக்கொண்டிருந்தன. தான் பார்க்கிற விமானத்திலிருந்தே சத்தம் வருவதைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றியது. கோர்னேல் மூன்றாவது மாடியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. கம்பத்து மைக்கின் பதிவை அவன் ஏற்கெனவே கேட்டிருந்தான்.

“கேட்டியா?”

“ஆறு தடவை கேட்டுட்டேன் அத்தை.”

“நாளைக்குப் பதினொன்னு பத்துக்கு என்ன போகுது?”

“ஏதென்ஸ். தினமும் அதுதான், அஞ்சு பத்து நிமிஷம் முன்னப்பின்ன. நூத்தி அறுபது பேர்.”

“நிறுத்து.”

“நான் யாரு நிறுத்த? நான் சத்தம் அளக்கிறவன்.” அவன் எழுந்து கதவைச் சாத்தினான். “மேல போய் என்ன சொல்லச் சொல்றீங்க? நாளைக்கு வர்ற சத்தம் இன்னைக்கே வந்துச்சுன்னா?”

“எனக்குத் தெரியாது தம்பி. இருபத்தெட்டு வருஷமா நான் எழுதி அனுப்பினதுல ஒண்ணாவது உங்க ஆளுங்க படிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ படிச்சவன். நீ சொல்லு.”

கோர்னேல் திரையைப் பார்த்தபடி நின்றான். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக மெஷின் அன்று ஒரு சத்தத்தை ஒரு விமானத்தோடு ஒட்டியிருந்தது; மற்ற நாட்களில் சில நிமிடமாவது முன்பின்னாகும், அன்று சத்தமும் விமானமும் ஒரே நிமிடத்தில் கூரைக்கு மேல் இருந்ததால் அதற்குச் சந்தேகம் வரவில்லை. நூற்றெட்டு டெசிபல். நூற்றைந்தைத் தாண்டினால் அந்த விமானத்துக்கு நோட்டீஸ் போகும்: எஞ்சினைப் பரிசோதித்துச் சான்றிதழ் காட்டாமல் மறுபடி கிளம்பக்கூடாது. ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்த எப்போதோ எழுதிவைத்த விதி, யாரும் பயன்படுத்தியதில்லை. ஆனால் மெஷின் பிடித்திருந்தது அன்றைக்கு ஏதென்ஸ் போய்ச் சேர்ந்துவிட்ட, ஒரு குறையும் இல்லாத விமானத்தை. நாளைக்குப் போகப்போவது வேறொன்று. அவன் விமானக் கம்பெனியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, நாளைய விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் பதிவு எழுத்துக்களைச் சாதாரணமாகக் கேட்டு வாங்கினான். ஐந்து எழுத்து. மெஷின் அடித்த நோட்டீஸில் பழைய ஐந்தை அழித்துப் புதிய ஐந்தை அடித்தான். இரண்டு தடவை தப்பாக விழுந்தது.

“இது பொய்தான தம்பி?” என்று கேட்டாள் வில்மா. தடுப்பதற்காகக் கேட்கவில்லை.

“சத்தம் நிஜம். நேரம் நிஜம். பேரு மட்டும்தான் நாளைக்குள்ளது.” அவன் அனுப்பும் பொத்தானை அழுத்தினான். “ஆனா அத்தை, இதை அவங்க மதிக்கணும்னு இல்ல. அப்பீல் பண்ணிட்டுப் பறக்கலாம். காலையில யாராவது ஒரு மெக்கானிக் சோம்பல் பாக்காம எஞ்சினைத் திறக்கணும்.”

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்று பஸ்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு போயின. வில்மா போகவில்லை, நேரத்தை எழுத யாராவது இருக்க வேண்டும். எடெலும் போகவில்லை. நாற்பது பீப்பாய் கோஸைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது என்றாள். இருவரும் நகராட்சி அலுவலகத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தார்கள். ஆறு மணியிலிருந்தே ஒரு சத்தமும் இல்லை. அதற்கு அர்த்தம் சனிக்கிழமையும் விமானம் இல்லை என்பது. காலை விமானங்கள் நேற்றே தங்கள் சத்தத்தைக் கொட்டிவிட்டு இப்போது ஊமையாகப் போய்க்கொண்டிருந்தன. எட்டு நாற்பது, ஒன்பது ஐந்து, ஒன்பது முப்பது. வில்மா ஒன்பதரைக்குக் கோர்னேலுக்குத் தொலைபேசி செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பதே முக்காலுக்குச் செய்தாள். பத்துக்குச் செய்தபோது யாரோ எடுத்து, அவர் இல்லை, ஓடுபாதைப் பக்கம் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

“என்ன சொன்னாங்க?”

“இல்லையாம்.”

“விமானம் இல்லையா, அவன் இல்லையா?”

“அவன்.”

எடெல் தன் கைக்குட்டையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “என் பழைய கம்மல் உனக்குப் பிடிக்கும்ல, அந்தச் சிவப்புக் கல்லு,” என்றாள். “அது அலமாரியில மாவு டப்பாக்குப் பின்னாடி இருக்கு.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நானும் இங்கதான உக்காந்திருக்கேன்.”

“அதுவும் சரிதான்.”

பத்து இருபது ஆனது. வெளியே தெருவில் ஒரு பூனை குறுக்கே போனது. அதன் காலடிகூடக் கேட்கும்போலிருந்தது. வில்மாவுக்குத் தன் பற்கள் ஒன்றோடொன்று மோதுவது கேட்டது. பாலர் பள்ளியின் கூரையும் கம்பமும் ஜன்னலுக்கு நேராகத் தெரிந்தன. அவள் அதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டாள், பிறகு பார்க்காமல் இருக்க முடியாமல் பழையபடி திருப்பினாள். பத்து இருபத்திரண்டு. பத்து இருபத்துநான்கு.

பத்து இருபத்தைந்துக்கு மேற்கே ஒரு முனகல் எழுந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். முனகல் கனத்தது, இழுத்தது, ரயில்வே கேட்டைத் தாண்டியது, இருமவில்லை. தலைக்கு மேலே முழு உருவத்தோடு, பழைய முரட்டுத்தனத்தோடு, கதவு ஜன்னல் அலமாரி எல்லாவற்றையும் உலுக்கிக்கொண்டு வந்தது. நாற்பத்தொரு நோட்டும் அலமாரித் தட்டில் குதித்தன. தேநீர்க் கோப்பை விளிம்புக்கு வந்து கீழே விழுந்து உடைந்தது. சத்தம் தென்கிழக்கே போய், மெலிந்து, ஒழுங்காகத் தேய்ந்து முடிந்தது. வானத்தில் ஒன்றும் இல்லை. நாளைக்குப் பத்து இருபத்தைந்துக்கு இந்த ஓடுபாதையிலிருந்து ஒரு விமானம் கிளம்பப்போகிறது. அப்படியென்றால் இன்றைக்குப் பதினொன்று பத்துக்கு ஒன்றும் நடக்கப்போவதில்லை.

எடெல் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த இரைச்சலைப் பற்றி முந்நூறு புகார் கொடுத்தவள் அவள்தான். வில்மா மணியை எழுதினாள். சத்தம் எப்படி இருந்தது என்ற கட்டத்தில் ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினாள். பத்து நிமிடம் கழித்துக் கோர்னேல் தொலைபேசியில் வந்தான். மூச்சு வாங்கியது. மெக்கானிக் எஞ்சினைத் திறந்தாராம், முகப்பு விசிறியின் ஓர் இறக்கையில் விரல் நீளத்துக்கு விரிசலாம், பத்து இருபத்தைந்துக்கு விமானத்தின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டார்களாம். “தெரியும் தம்பி,” என்றாள் அவள். “கேட்டுச்சு.”

பதினொன்று பத்துக்கு வானம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அன்று கிளம்பிய முப்பத்தொன்பது விமானங்களும் ஊருக்கு மேல் சத்தமில்லாமல் போயின. அவற்றின் சத்தம் முந்தைய நாளும் கேட்கவில்லை, பிறகு எந்த நாளும் கேட்கவில்லை. அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. சாயங்காலம் ஊர் திரும்பியது. குழந்தைகள் ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பாதிரியாரின் பல் சரியாகியிருந்தது.

கோர்னேலை ஏப்ரலில் விசாரணைக்கு அழைத்தார்கள். நோட்டீஸில் பெயர் போட்ட விமானம், சத்தம் பதிவான நிமிடத்தில் மாட்ரிட்டில் நின்றிருக்கிறது. அவன் எப்படி அதன் எஞ்சினைச் சந்தேகப்பட்டான் என்று மூன்று பேர் கேட்டார்கள். அவன் எழுந்து நின்றான். அப்போது வில்மா, சாட்சியாக அழைக்கப்படாதவள், தள்ளுவண்டியில் நோட்டுகளோடு உள்ளே வந்தாள். கடைசி நோட்டை மேஜையில் வைத்து, எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் திறந்து மறுநாளைய பறப்புப் பட்டியலோடு ஒட்டிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஊர்ல எல்லாருக்கும் இப்படிக் கேக்குதா?”

“கசாப்புக்கடை ஃபெரென்ட்ஸுக்குக் கேக்காது. அவருக்குக் காது மந்தம்.”

“இத்தனை நாள் ஏன் சொல்லல?”

“சத்தத்தைப் பத்தி உங்ககிட்ட முப்பது வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கோம் ஐயா.”

விசாரணையின் முடிவில் கோர்னேலுக்கு எழுத்துப் பிழைக்காக ஒரு கண்டனம் கிடைத்தது. கூடவே ஒரு புது விதியும் வந்தது: ஷாரோஷ் நகராட்சி தினமும் மாலை நான்கு மணிக்குள் மறுநாளைய சத்தங்களைத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் அச்சடித்தார்கள். ‘சாதாரணம்’, ‘தாமதம்’, ‘இல்லை’, ‘வேறு’ என்று நான்கு கட்டம். அடுத்த ஒன்பது வருஷத்தில் வில்மா ‘வேறு’ என்ற கட்டத்தில் மூன்று தடவைதான் குறியிட்டாள். மூன்று தடவையும் ஒரு விமானம் நிறுத்தப்பட்டது, மூன்று தடவையும் எதையோ கண்டுபிடித்தார்கள். ஜன்னல் திட்டத்தில் ஊரின் பெயரை மறுபடி சேர்த்து இரட்டைக் கண்ணாடியோடு ஆட்களை அனுப்பியபோது ஊர் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. பாதையைச் சூரியகாந்தி வயல்களின் மேல் திருப்பப்போவதாக அறிவிப்பு வந்தபோது, திருப்பக்கூடாது என்று மனு எழுதி எண்ணூறு பேர் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து எடெலுடையது. புது எஞ்சின்கள் வந்து சத்தம் பாதியானபோது ஊர் கலவரப்பட்டது. பகலில் ரம்பமும் புல்வெட்டும் மெஷினும் ஓட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் தெருவில் பேச்சு பாதியில் நிற்பதைப் பார்த்து முதல் மாதம் திகைப்பார்கள், இரண்டாவது மாதம் தாங்களும் நிறுத்துவார்கள். கோர்னேல் அப்படிக் குடியேறியவர்களில் ஒருவன்.

பணி ஓய்வு பெற்றதும் வில்மாவின் தங்கை அவளை ஏரிக்கரையிலிருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். அங்கே விமானப் பாதையே கிடையாது. நாணல், வாத்து, மீன்பிடிப் படகு. இருபத்தெட்டும் ஒன்பதும் முப்பத்தேழு வருஷம் இரைச்சலில் கழித்தவளுக்கு நல்ல ஓய்வு என்று எல்லோரும் சொன்னார்கள். வில்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். பதினோராவது நாள் மத்தியானப் பஸ்ஸில் அதே பெட்டியோடு திரும்பி வந்தாள். எடெல் முற்றத்தில் கோஸ் சீவிக்கொண்டிருந்தாள்.

“என்ன, தங்கச்சி துரத்திட்டாளா?”

“இல்ல. நல்லாத்தான் பாத்துக்கிட்டா.” வில்மா பெட்டியை வேலியோரம் வைத்தாள். “காலையில எந்திரிச்சா ஒரு சத்தமில்ல. மத்தியானமும் இல்ல. நாளைக்கு என்ன நடக்கும்னு ஒண்ணுமே தெரியல எடெல். அங்க எல்லாரும் அப்படியே இருக்காங்க. அப்படியே சாப்பிடுறாங்க, மீன் பிடிக்கப் போறாங்க.”

“அடப் பாவமே.”

இருவரும் நிறுத்தினார்கள். மேலே ஒன்று ஏறி, வளைந்து, தென்கிழக்கே போய் முழுசாகத் தேய்ந்தது.

“நாளைக்கு ஒண்ணுமில்ல,” என்றாள் எடெல். “காலையிலருந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன். கையக் கழுவிட்டு வா, உப்புப் போடணும்.”